முலப்பஸ்: இனிப்புக்கு ஆடை அணிவித்த கொப்பரையின் வரலாறு

பெருநாள் அன்று நம் பிள்ளைகளின் கைகளில் சேரும் சாக்லேட் பாதாமைச் சற்று உற்று நோக்குவோம். உள்ளே ஒரு பருப்பு, அதன்மேல் சாக்லேட், அதற்கும் மேலே கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய உறை. இப்படி ஒரு பொருளின்மேல் மற்றொன்றை அடுக்கடுக்காக ஏற்றும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் முஸ்லிம் சமூகங்களுக்கும் ஒரு தனியிடம் உண்டு.

சர்க்கரை பூசிய பாதாமை அரபு மக்கள் 'முலப்பஸ்' என்கின்றனர். 'ஆடை அணிவிக்கப்பட்டது' என்பது அதன் பொருள். நாம் நன்கறிந்த 'லிபாஸ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். சிரியாவிலும் எகிப்திலும் நிக்காஹ் வைபவங்களிலும் குழந்தை பிறந்த வீடுகளிலும் முலப்பஸ் வழங்குவது வழக்கம். ஈரானில் இதன் உறவான 'நுக்ல்' என்ற இனிப்பை மணமக்கள்மீது தூவுகின்றனர்.

இந்த ஆடைக்கு நூல் தந்தது கரும்பு. வடமொழியின் 'சர்க்கரா', பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆயிற்று. அச்சொல் சென்ற வழியே கரும்புப் பயிரும் சென்றது. ஈரானிலிருந்து எகிப்துக்கும் சிசிலிக்கும் அந்தலூசுக்கும் அதைக் கொண்டு சேர்த்தவர்கள் முஸ்லிம் உழவர்களும் வணிகர்களும் ஆவர். 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குச் சென்ற நாசிர் குஸ்ரவ், அங்கு பெருநாள் விருந்துக்குச் செலவான சர்க்கரையின் அளவைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அக்காலத்தில் சர்க்கரை மருந்துக் கடைப் பொருளாகவும் இருந்தது. கசப்பு மருந்தை உட்கொள்ளச் செய்ய அரபு மருத்துவர்கள் அதன் துணையை நாடினர். ஐரோப்பிய மருந்தாளர்களும் பிற்காலத்தில் சோம்பு, கொத்தமல்லி விதைகளுக்குச் சர்க்கரை பூசி, செரிமானத்திற்கென விற்றனர். நம் ஊர்க் கடைகளில் வண்ண வண்ணமாய்க் கிடைக்கும் சீரக மிட்டாயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அன்றைய கருவி மிக எளியது. அகன்ற பித்தளைப் பாத்திரம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தணலுக்கு மேலே தொங்கவிடுவர். பருப்பை அதில் இட்டு, ஒரு கரண்டி பாகு ஊற்றி, பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருப்பர். பாகு உலர்ந்ததும் அடுத்த கரண்டி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான ஹியூ பிளாட் தம் நூலில் இத்தகைய அமைப்பையே விவரித்துள்ளார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சில் நீராவியால் சுழலும் கொப்பரைகள் வந்தன. கை ஆட்டிய வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

சாக்லேட் இந்தக் கொப்பரைக்குள் தாமதமாகவே வந்தது. 1828இல் வான் ஹூட்டன் கோக்கோ வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1847இல் இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனம் கடித்துண்ணும் சாக்லேட் கட்டியைச் செய்தது. சர்க்கரை ஓடு போர்த்திய சாக்லேட்டான எம் அண்ட் எம்ஸ் 1941இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

சர்க்கரைப் பாகு நீர் வற்றி இறுகுவது. ஆகவே அதற்கு நெருப்பு வேண்டும். சாக்லேட் குளிர்ந்து இறுகுவது. ஆகவே அதற்குக் குளிர்காற்று வேண்டும். கொப்பரையின் அடியிலிருந்த தணல் போய், அதன் வாய்க்குள் குளிர்காற்று வீசும் குழாய் வந்தது இதனால்தான்.

இன்று இக்கருவி வீட்டுச் சமையலறைக்கும் வந்துவிட்டது. மாவு பிசையும் மிக்சரின் முன்முனையில் பொருத்தும் சிறு சுழல்கலம் கிடைக்கிறது. அது இல்லாதோர், அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக் கையால் உருட்டினாலும் போதும். முன்னோர் செய்ததும் அதுவே. வறுத்து முற்றிலும் ஆறிய பருப்பின்மேல், உருக்கிய சாக்லேட்டைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்து வீசச் செய்து, பருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்த பின்னரே அடுத்த பூச்சு. கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். எனவே நம் கோடைக்கும் கடலோர ஈரக்காற்றுக்கும் குளிரூட்டிய அறை இன்றியமையாதது.

மேலே மின்னும் உறையில்தான் நம் கவலை தங்கியிருக்கிறது. தொழிற்சாலைகளில் அந்தப் பளபளப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஷெல்லாக், அதாவது அரக்கு. அது ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உறையில் இ904 என்று குறிக்கப்படும். சில சிவப்பு நிறங்களுக்குப் பயன்படும் கார்மைன், இ120, உலர்த்திய பூச்சியிலிருந்தே எடுக்கப்படுகிறது. இவை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கார்மைனை இந்தோனேசிய உலமா சபை 2011இல் அனுமதித்தது. ஹனஃபி அறிஞர்கள் பலர் அதனை ஏற்பதில்லை. நாம் இங்கு தீர்ப்புக் கூற வரவில்லை. தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. வீட்டில் செய்வோருக்கோ இச்சிக்கலே எழாது. இறுதியில் கோக்கோத் தூளைத் தூவி உருட்டினால் போதும். பளபளப்பே வேண்டுமெனில், சூடான் நாட்டு வேல மரங்கள் தரும் அரபுப் பிசின் இருக்கிறது.

முற்கால முஸ்லிம் நகரங்களின் சந்தைகளில் 'முஹ்தசிப்' என்ற அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ அவருக்காக எழுதிய கையேட்டில், இனிப்புச் செய்வோரின் கலப்படங்களைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆடை உடலுக்கு அழகு. ஆனால் ஆடைக்குள் குறையையும் மறைக்கலாம். இதை அச்சமூகம் உணர்ந்திருந்தது. இன்று நம் தெருக்களில் முஹ்தசிப் இல்லை. பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கும் தாயும் தந்தையுமே அப்பொறுப்பில் இருக்கிறார்கள். ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணுமாறு திருக்குர்ஆன் நம்மை அழைக்கிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகே அமர்த்தி, பாத்திரத்தை உருட்டியபடி இவ்வரலாற்றைச் சொல்வோம். தம் கையால் ஆடை அணிவித்த இனிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள். கடையில் வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கப் பழகுவார்கள்.

நம் உணவிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.