100 நாளில் தக்காளி: உறைபனிக்குத் தப்பி அறுவடை செய்யும் ரஷ்யர்கள்... எப்படி?

மாஸ்கோ சுற்றுவட்டாரத்தில் ஜூன் தொடக்கம் வரைகூட இரவில் உறைபனி விழலாம். செப்டம்பரில் குளிர் திரும்பிவிடும். இடையில் கிடைக்கும் சுமார் மூன்று மாதத்துக்குள் தக்காளி காய்த்துப் பழுத்தாக வேண்டும். ஒரே ஒரு உறைபனி இரவு போதும், மொத்தச் செடியும் காலி. அதனால்தான் 'டாச்சா' எனப்படும் தோட்ட வீடு வைத்திருக்கும் ரஷ்யர்கள் குறுகிய கால ரகங்களைத் தேடி வாங்குகிறார்கள்.

குறுகிய கால ரகம் என்றால் என்ன?

விதை முளைத்து 85 முதல் 100 நாளில் முதல் பழம் தரும் ரகங்கள் இவை. விதையை நேராக நிலத்தில் போடுவதில்லை. மார்ச் மாதமே வீட்டு ஜன்னல் ஓரத்தில் நாற்று வளர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

திறந்தவெளியில் எப்படி?

உறைபனி பயம் நீங்கிய பிறகே, அதாவது ஜூன் முதல் 10 நாட்களில்தான் நடவு. இதற்குக் குட்டை ரகங்களே சரி. சில பூங்கொத்துகள் விட்டதும் இவற்றின் வளர்ச்சி தானாக நின்றுவிடும். சத்தெல்லாம் காய்க்குப் போகும். 'பெலி நலிவ்' இப்படிப்பட்ட பழைய ரகம். ஜூலை இறுதியில் பழம் பறிக்கலாம்.

பசுமைக்குடிலில் என்ன லாபம்?

மே நடுவிலேயே நடலாம். இரண்டு, மூன்று வாரம் மிச்சம். உயரமாக வளரும் ரகங்களைக் கயிற்றில் ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக வளர்க்கிறார்கள்.

ஆனால் வெயில் நாளில் கதவைத் திறக்க மறந்தால் சிக்கல்தான். உள்ளே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகி, பூ உதிரும். காற்றோட்டம் குறைவு என்பதால் பூத்த செடியை லேசாகத் தட்டியும் விட வேண்டும்.

ஆகஸ்ட் வந்தால் ஏன் பயம்?

குளிர்ந்த இரவு, ஈர இலை... பின்பருவக் கருகல் நோய்க்கு இது போதும். பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்தும் பரவும். சில நாட்களிலேயே தோட்டம் கருகிவிடும். குறுகிய கால ரகத்தின் உண்மையான பலன் இங்கேதான்: நோய் வரும் முன்பே கணிசமான பழம் கைக்கு வந்துவிடும். பசுமைக்குடிலின் கூரை மழையைத் தடுக்கும். ஆனால் மூடியே வைத்தால் உள்ளே ஈரம் தேங்கி நோய் வரும். தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றுவது நல்லது.

கடைசி காய்கள் என்ன ஆகும்?

நிறம் மாறத் தொடங்கிய காய்களை நோய் தொடும் முன்பே பறித்து, வீட்டுக்குள் வைத்துப் பழுக்க வைத்துவிடுகிறார்கள்.