சைடரும் டெவன் வயிற்றுவலியும்

சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யப்படும் பானம் ஆகும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில் இது பல நூற்றாண்டுகளாகப் பண்ணைகளிலேயே தயாரிக்கப்பட்டு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் டெவன் பகுதியில் இதைக் குடித்தவர்களிடையே கொடிய வயிற்றுவலி பரவலாகக் காணப்பட்டது. சாறு பிழிந்த கருவியே அதற்குக் காரணம் என்பதை 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார்.

பழைய செய்முறை

ஆப்பிள் கெட்டியான பழம். எலுமிச்சைபோல் நேரடியாகப் பிழிய முடியாது. முதலில் நசுக்க வேண்டும். பண்ணைகளில் வட்டமான கல்தொட்டியில் பழங்களைக் கொட்டி, குதிரை இழுக்கும் கற்சக்கரத்தை அதில் உருட்டினர். நம் ஊரில் மாடு கட்டிச் சுண்ணாம்புச் சாந்து அரைத்த முறையை இது ஒத்தது. நசுங்கிய விழுதை, இடையிடையே வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலே பலகை வைத்துத் திருகினால் அழுத்துவர். வடிந்த சாறு மரப்பீப்பாயில் இயற்கையான ஈஸ்ட்டால் புளிக்கும்.

பண்ணைத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி சைடராகவே கொடுக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டுச் சட்டம்தான் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஆகவே, நோய் வரும் என்று அஞ்சினாலும் அவர்களால் சைடரை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

நோயும் பழைய விளக்கமும்

நோயாளிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலியும் மலச்சிக்கலும் ஏற்படும். நோய் முற்றினால் கைகள் செயலிழந்து தொங்கும். சிலர் இறந்தும் போயினர். வில்லியம் மஸ்கிரேவ் 1703இலும், ஜான் ஹக்ஸ்ஹாம் 1739இலும் இந்நோயைப் பற்றி எழுதினர். சைடரின் புளிப்பே காரணம் எனக் கருதப்பட்டது.

பேக்கரின் ஆய்வு

பேக்கர் டெவனில் பிறந்தவர். அவர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஹெரிஃபோர்ட்ஷயரிலும் சைடர் குடிக்கிறார்கள். புளிப்பு காரணமானால் அங்கே ஏன் இந்நோய் அரிதாக உள்ளது?

இரு பகுதிகளின் கருவிகளையும் அவர் ஒப்பிட்டார். டெவனில் கல்தொட்டியின் இணைப்புகளைக் காரீயம் உருக்கி ஊற்றி அடைத்திருந்தனர். சில பிழிபொறிகளில் காரீயத் தகடும் பதித்திருந்தனர். ஹெரிஃபோர்ட்ஷயரில் அவ்வழக்கம் இல்லை. வேதிச் சோதனையில் டெவன் சைடரில் காரீயம் இருப்பதும் தெரிந்தது. சாற்றிலுள்ள அமிலம் காரீயத்தைக் கரைத்திருந்தது. (அந்த மாலிக் அமிலத்தை ஷீலே பிரித்தெடுத்தது 1785இல்தான்.)

தங்கள் ஊரின் பெயரையும் தொழிலையும் கெடுப்பதாகக் கூறி டெவன்காரர்கள் பேக்கரை எதிர்த்தனர், மதகுருமாரும் கண்டித்தனர். ஆயினும் காரீயம் படிப்படியாக அகற்றப்பட்டது. நோயும் குறைந்து மறைந்தது.

பிழிபொறி இல்லாமல் செய்தல்

இன்று வீட்டில் சிறிதளவு செய்பவர்களுக்குப் பிழிபொறி தேவையில்லை. கழுவி நறுக்கிய பழத்தை உறையவைத்து எடுத்தால் செல்கள் உடைந்து மென்மையாகிவிடும். அதை மசித்து, சுத்தமான துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்கினால் சாறு வடியும். புளிக்கும்போது வாயு உண்டாவதால் பாத்திரத்தை இறுக மூடக்கூடாது.

பாத்திரம் கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருப்பது நல்லது. மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். டெவனில் நஞ்சானது காரீயம். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். புளிப்பான எதையும் காரீயம் கலந்த பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பது பேக்கரின் ஆய்வு இன்றும் நமக்குத் தரும் பாடமாகும்.