சமையற்கட்டில் ஓர் ஜெப அறை

1971-ஆம் ஆண்டு நம் விடுதியில் நான் 'மெஸ் செக்ரட்டரி'யாக இருந்ததைப் பழைய நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தட்டிக் கலாட்டா செய்தவனை, "அப்படின்னா நீயே வந்து நடத்துப்பா" என்று வார்டன் பிடித்துப் போட்ட பதவி அது. ஆனாலும் அடுப்பங்கரைக்குள் நான் கால் வைத்ததில்லை. கணக்கு நோட்டோடு சரி!

அந்த வருடம்தான் சிற்றாலய அலமாரியில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. சகோதரர் லாரன்ஸ் என்ற மடத்துச் சமையல்காரரைப் பற்றியது. 'சமையல்காரச் சாமியார்' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அவருடைய இயற்பெயர் நிக்கோலஸ் ஹெர்மன். இன்று பிரான்ஸில் உள்ள லொரேன் பகுதியில் 1614-ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, 'இது மறுபடியும் தளிர்க்குமே' என்று எண்ணினார். ஆண்டவரைப் பற்றிய நினைவு அவருக்குள் வேர்விட்டது அன்றுதான். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பவராகத் திரும்பினார். 1640-இல் பாரீஸில் இருந்த கர்மேல் மடத்தில் சேர்ந்தார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது பூசைப் பீடம் அல்ல, சமையற்கட்டு. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் பதினைந்து வருடம் அதைச் செய்தார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கால் ஊனம் காரணமாகப் படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. பின்னாளில் செருப்புத் தைக்கும் வேலை. ஜெப நேரம், வேலை நேரம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தவறு செய்தால் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, அதையே நினைத்து மருகாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இது சுலபமாக வந்துவிடவில்லை. மடத்தில் முதல் பத்து வருடங்கள் மனம் மிகவும் அலைக்கழிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1691 பிப்ரவரி 12-இல் காலமானார். அவரோடு நடந்த உரையாடல்களையும் அவர் எழுதிய கடிதங்களையும் ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் தொகுத்து வெளியிட்டதால்தான் நமக்கு அவரைத் தெரியும்.

2019-இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. சமையலுக்கு வைத்த அம்மாவும் நாலு மாதத்தில் நின்றுவிட்டார். அறுபத்தெட்டு வயதில் நான் அடுப்பின் முன்னால்! காலை ஜெபத்துக்கு உட்கார நேரமில்லை. உட்கார்ந்தாலும் கோபம்தான் வந்தது. ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் எறிந்தேன். உள்ளே படுத்திருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. அழுத சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிரவு அந்தச் 'சமையல்காரச் சாமியார்' நினைவுக்கு வந்தார். புத்தகத்தைத் தேடி வாங்கி மறுபடி படித்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவருக்கே பத்து வருடம் ஆயிற்று என்றால் எனக்கென்ன அவசரம்?

மறுநாள் முதல் அரிசி களையும்போது ஒரு வார்த்தை, வெங்காயம் அரியும்போது ஒரு வார்த்தை என்று ஆண்டவரோடு பேசப் பழகினேன். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அவள் கை இன்னும் எழும்பவில்லை. ஆனால் பாத்திரம் எறிவது நின்றது. "என்னங்க, ரசம் இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்கிறாள். எனக்கு அது போதும்.

மெஸ்ஸில் தட்டைத் தட்டும் தம்பிகளுக்கு ஒரு சொல். நம் காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டிய அண்ணன் என்ன நினைத்துக்கொண்டு கிண்டினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களாவது ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.