மாண்டலின் ஸ்ரீனிவாஸின் ஐந்தாவது தந்தி

மேல்நாட்டு ராக் கலைஞர்கள் எந்தெந்த கிதார் வாசித்தார்கள் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம்மவர்களில் அப்படி எழுதத் தகுந்தவர் உப்பலபு ஸ்ரீனிவாஸ்.

1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். சிறு வயதிலேயே மாண்டலினை எடுத்துவிட்டார். குரு சுப்பராஜு பாடுவார். பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பார்.

சிக்கல் கருவியில்தான் இருந்தது. வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகளாக. கமகத்துக்காக இழுத்தால் ஜோடியின் இரண்டு தந்தியும் ஒரே அளவு இழுபடாது, சுருதி பிசகும். மீட்டிய நாதமும் சட்டென்று அடங்கிவிடும். கமகம் இல்லாவிட்டால் கர்நாடக சங்கீதம் ஏது?

மின் மாண்டலினுக்கு மாறினார். நாதம் நீண்டு நின்றது. ஜோடிகளை ஒற்றைத் தந்திகளாக்கினார், கமகம் வசப்பட்டது. கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவதாக ஒரு தந்தியும் சேர்த்தார்.

அந்த மின் மாண்டலினோடுதான் ஜான் மெக்லாஃப்ளினின் கிதாருக்குச் சமமாக 'ரிமெம்பர் சக்தி' குழுவில் வாசித்தார். 1998-ல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானபோது வயது 45தான்.

எங்கள் திருக்கோவிலூரில் வாமனனாக வந்து உலகளந்த பெருமாள் நிற்கிறார். கருவி சிறியது என்று யாராவது சொன்னால், எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.