குண்டு விழுந்த தூரம் வரை

கடலூர் சில்வர் பீச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரும் குடும்பங்கள் அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகின்றன. அதே தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் பக்கமாகச் சற்று நடந்தால் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கலாம். 1746-லிருந்து 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுதான்.

கோட்டை அவர்கள் கைக்கு வந்த கதையைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் கண் விரிக்கும். 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பேரத்தில் கோட்டை மட்டும் இல்லை. அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் ஊர்களும் வாங்கியவருக்கே என்பது பேச்சு. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்து சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். செப்டம்பர் மாதத்தில் ஒவ்வொரு திசையாகச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த இடமெல்லாம் எல்லையானது. கடலூர் நகரமும் அதற்குள் வந்தது. அந்த ஊர்களில் உழுதுகொண்டும் உப்பு வாரிக்கொண்டும் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களையும் அந்த நாளோடு சேர்த்தே இங்கே சொல்கிறார்கள். தினமும் பேருந்தில் அவற்றைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சென்னையை 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, மாறுவேடத்தில் தப்பி இந்தக் கோட்டைக்கு ஓடிவந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். அன்று அவர் ஒரு சாதாரண எழுத்தர். பத்து ஆண்டுகள் கழித்து இதே கோட்டைக்கு ஆளுநராகத் திரும்பினார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆளுநர்கள் குடியிருந்த மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ் பின்னாளில் கலெக்டர் மாளிகையானது.

தெற்கே போனால் வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை. அங்கிருந்து சிதம்பரம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நடராசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தில் 108 கரணங்களைத் தேடிப் பார்ப்பது வழக்கம். மதிலையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கர்நாடக, மைசூர்ப் போர்க் காலங்களில் படைகளுக்கு அது கோட்டை மதில். 1781 ஜூனில் மைசூரின் ஐதர் அலியின் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்து, முடியாமல் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஐதரின் பல மடங்கு பெரிய படையைச் சுமார் 8,000 பேரோடு எதிர்த்து வென்றார். அடுத்த நூற்றாண்டில் அதே ஊரில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உலை மூட்டினார். சேலத்துத் தாது, கரி நெருப்பு, பரங்கிப்பேட்டை இரும்பு. வேல்ஸில் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் அந்த இரும்பும் பயன்பட்டது. போரைவிட இந்த உலையின் கதைதான் நமக்கு அதிகம் வேண்டும், ஏனென்றால் அதில் இந்த மண்ணின் உழைப்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட கதைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? பழைய வாழ்க்கையை வீடும் தொழிலுமாக மக்கள் நேரில் பார்க்கும்படி 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை உருவாக்கினார் ஆர்துர் ஹசேலியஸ். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து நிறுத்தியிருக்கிறது; குயவரும் நெசவாளரும் கண்ணெதிரே வேலை செய்கிறார்கள். கடலூர்க் குடும்பங்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கே போய்வரலாம். தங்கள் ஊரில் எதையும் பெயர்த்துக் கொண்டுவரத் தேவையே இல்லை. சம்பவம் நடந்த இடம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு நாள், கெடிலக் கரையில் அந்தப் பீரங்கிப் பேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளே நடித்துக் காட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். உழவர் பக்கத்து வேடமும் அதில் இருக்க வேண்டும். அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். வருகிற விடுமுறையில் காலையில் தேவனாம்பட்டினத்தில் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் பரங்கிப்பேட்டை, மாலை நடை திறக்கும்போது சிதம்பரம். ஒரே நாளில் முடிந்துவிடும்.