எந்தப் பிரதியைப் பார்த்தோம்? பழைய தமிழ்ப் படங்களும் குறுந்தகடு என்னும் சான்றும்

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. படத்தின் பெயர், அதையடுத்து ஆண்டு, பிறகு நேரே காட்சி விளக்கம். ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சியைப் பக்கம் பக்கமாக அலசுகிறவர், தாம் பார்த்தது திரையரங்கில் ஓடிய படச்சுருளா, பிற்கால மறுவெளியீட்டுப் பிரதியா, தொலைக்காட்சி நேரத்துக்குத் தக்கபடி கத்தரித்ததா, மூன்று தகடுகளில் வந்த விசிடியா என்று ஒரு வரி சொல்வதில்லை. சிலப்பதிகார அடி ஒன்றை மேற்கோள் காட்டினால் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று குடைந்தெடுக்கும் நெறியாளர்களும் படம் என்று வந்துவிட்டால் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

2000க்குப் பிறகு பழைய படங்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பார்த்தது குறுந்தகட்டைத்தான் என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகட்டைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்ததாக எழுதுவதுதான் சிக்கல். பதிப்பாசிரியர் ஏட்டுப் பிரதியைக் கையாள்வதுபோல ஆய்வாளர் தகட்டைக் கையாள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டு நமக்குப் பழகிய நெறி அது. கிடைத்த பிரதிகளைத் திரட்டுவோம், ஒப்பிடுவோம், வேறுபாட்டைக் குறிப்போம், எது எங்கிருந்து வந்தது என்று சொல்வோம். திரைப்பட ஆய்வுக்கு மட்டும் அந்த நெறி இன்னும் வந்து சேரவில்லை.

தகடு வருவதற்கு முன் பழைய படம் பார்ப்பது பார்ப்பவர் விருப்பத்தில் இல்லை. ஊர்ப்புறத்தில் டூரிங் டாக்கீஸ், நகரத்தில் காலைக் காட்சி, 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று எது வருகிறதோ அதைத்தான் பார்க்கலாம். வாடகை வீடியோ கேசட்டில் நிறுத்திப் பார்க்க முடிந்தது. ஆனால் அது ஓட ஓடத் தேய்ந்தது. எஸ். தியடோர் பாஸ்கரனின் முன்னோடி நூல்கள் இரண்டும் (1981, 1996) இந்த நிலையில்தான் எழுதப்பட்டன. அவற்றின் அடர்த்தியை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

விசிடியின் தொழில்நுட்ப வரையறை 1993இல் வந்தது. டிவிடி 1996இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தமிழ் வீடுகளுக்கு அவை பரவலாக வந்தது அடுத்த பத்தாண்டில். அதிலும் ஒரு திருப்பம், வெற்றுத் தகடு தயாரித்துவந்த மோசர்பேயர் நிறுவனம் 2007 வாக்கில் படத் தகடு வணிகத்தில் இறங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தது. திருட்டுத் தகட்டோடு விலையில் மோதுவதற்கான கணக்கு அது. 2004இலேயே தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டை அதற்குள் கொண்டுவந்திருந்தது என்பதை நினைத்தால், அந்தச் சந்தை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று விளங்கும்.

மலிவு விலை வணிகத்துக்குச் சரக்கு ஏராளமாக வேண்டும். எனவே உரிமைகள் படம் படமாக அல்லாமல் பட்டியல் பட்டியலாகக் கைமாறின. பட்டியலாக வாங்கும்போது ஓடிய படமும் ஓடாத படமும் சேர்ந்தே வரும். யாரும் கேட்காத 1940களின் புராணப் படமும், வெளியான வாரத்திலேயே சுருண்ட சமூகப் படமும் தகடாயின. பழைய தமிழ்ப் படங்களின் ‘மறுகண்டுபிடிப்பு’ என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி யாரோ ஒரு ரசிகரின் தேடலால் நடந்ததில்லை. மொத்த வியாபாரத்தின் பக்க விளைவு. எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக இயக்கிய ‘அந்த நாள்’ (1954), பாடலே இல்லாத படம். வெளியானபோது வசூலில் தேறவில்லை. அதன் பெயர் இன்று எல்லார் வாயிலும் வருவதற்கு விமரிசகர்களின் புகழுரை ஓரளவே காரணம். 30 ரூபாய்க்கு வாங்கி இரவோடு இரவாக இரண்டு தடவை பார்க்க முடிந்ததே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சரி, அந்தத் தகட்டில் இருப்பது என்ன? விசிடியின் படச் சட்டம் 352க்கு 288 புள்ளிகள். ஒரு தகட்டில் 74 நிமிடம் கொள்ளும். எனவே மூன்று மணி நேரப் படம் மூன்று தகடாக உடையும். உடைகிற இடத்துக்கும் படத்தின் இடைவேளைக்கும் தொடர்பு இருக்காது. இரண்டாம் தகடு ஒரு பாட்டின் சரணத்தில் முடிந்து, மூன்றாம் தகடு அதே பாட்டின் பின்னிசையில் தொடங்கும் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நாலைந்து அடி எங்கே போயிற்று என்று கேட்கத் தெரியாதவர் பாடலே அவ்வளவுதான் என்று எழுதிவிடுவார். ‘மூன்று படம் ஒரே தகட்டில்’ டிவிடிகளின் நிலைமை இன்னும் மோசம். இரட்டை அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 8.5 ஜிகாபைட். அதில் இரண்டரை மணிப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் நொடிக்குச் சராசரி 7.5 மெகாபிட் கிடைக்கும். மூன்றை அடைத்தால் 2.5தான். வெட்டு விழுவது முதலில் இருட்டில். கறுப்பு வெள்ளைப் படத்தின் இரவுக் காட்சியில் சுவரும் நிழலும் ஆளும் ஒரே சாம்பல் கட்டிகளாகிவிடும். அப்படி ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ‘அந்த நாள்’ படத்தின் ஒளியமைப்பைப் பற்றி முடிவு சொல்வது அநியாயம். அதே பிரதி வசனத்துக்கும் காட்சி வரிசைக்கும் போதுமானது. எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று செல்லும் என்று பிரித்தறிவதுதான் வேலை.

நீளத்தைச் சோதிப்பது எளிது. ஆனாலும் யாரும் செய்வதில்லை. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஆக நிமிடத்துக்கு 90 அடி. 15,000 அடிப் படம் 166 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும். தகட்டில் 160 நிமிடம் இருந்தால் 6 நிமிடம் வெட்டப்பட்டது என்று முடிவு கட்ட அவசரப்படக் கூடாது. பி.ஏ.எல். என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டங்கள். படத்தை அப்படியே ஏற்றினால் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடி, ஒரு சட்டமும் குறையாமலேயே 160 நிமிடத்தில் முடியும். என்.டி.எஸ்.சி. முறையில் சில சட்டங்களைத் திரும்பக் காட்டி ஈடுகட்டுவதால் ஓடும் நேரம் மாறாது. எனவே தகடு எந்த முறை என்று பார்க்காமல் நேரத்தைச் சொல்வதில் பொருளில்லை.

‘ஹரிதாஸ்’ (1944) நல்ல எடுத்துக்காட்டு. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பேர் பெற்றது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறதே, எவ்வளவு போயிற்றோ என்று அங்கலாய்ப்பவர் உண்டு. போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் படங்கள் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. 11,000 அடி என்றால் 122 நிமிடம், பி.ஏ.எல். முறையில் 117. தகட்டில் அந்த அளவு இருந்தால் படம் ஏறக்குறைய முழுமையாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. குறை என்று தோன்றியது உண்மையில் போர் போட்ட வரம்பு.

வேகம் கூடினால் சுருதியும் கூடும். 24 சட்டம் 25 ஆகும்போது குரல் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். தியாகராஜ பாகவதரோ கே.பி. சுந்தராம்பாளோ எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று தகட்டைக் கேட்டு எழுதும் இசை ஆய்வாளர் இதைக் கழித்துக்கொண்டாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். (பழைய இசைத்தட்டின் வேகமும் அப்படியொன்றும் நம்பகமானதல்ல என்பது வேறு கதை.)

சட்டத்தின் அகல உயரம் பற்றிய குழப்பம் இரண்டு காலத்தில் இரண்டு விதமாக நடந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்றவற்றைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பொருந்த வெட்டினால் சட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். அரசவைக் காட்சியில் பேசுகிறவர் இருப்பார், கேட்கிறவர் இருக்கமாட்டார். இன்று நேர்மாறு. ஏறக்குறையச் சதுரமாக எடுத்த 1950களின் படங்களை அகலத் தொலைக்காட்சிக்காக மேலும் கீழும் அறுக்கிறார்கள். உயரத்தில் நாலில் ஒரு பங்கு போகும். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை அப்படி அறுத்தால் முழு உருவம் தெரியும் சட்டங்களில் பாதம் இருக்காது. நடனத்தை ஆராய்கிறவருக்குக் கால் இல்லாத பிரதியால் என்ன பயன்? மங்கலான பழைய விசிடி அங்கே பளபளக்கும் புதுப் பிரதியைவிட நல்ல சான்று.

‘மாயாபஜார்’ (1957) படத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதன் தெலுங்கு வடிவத்துக்கு 2010இல் வண்ணமேற்றி, சினிமாஸ்கோப் அளவுக்கு மாற்றி, சில பாடல்களைக் குறைத்து வெளியிட்டார்கள். மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள், நல்லது. ஆனால் முன்னரே வந்த கறுப்பு வெள்ளைத் தகடு இல்லையென்றால், எது 1957, எது 2010 என்று வீட்டில் இருக்கும் வாசகர் பிரித்தறிய வழியில்லை. ‘கர்ணன்’ (1964) 2012இல் புதுப்பித்த ஒலியோடு வந்து வெற்றி பெற்றபோதும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். புதுப்பிப்பு என்பது ஒரு பதிப்பு. பதிப்பாசிரியர் என்னென்ன செய்தார் என்று முன்னுரை வேண்டும். நம் புதுப்பிப்புகளுக்கு விளம்பரம் மட்டுமே இருக்கிறது.

தகட்டைச் சான்றாகக் கொள்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இது வியாபாரிக்காக, தொலைக்காட்சிக்கென்று முன்பே செய்துவைத்த நாடாவிலிருந்து எடுத்தது. உறையில் ஆண்டும் தப்பு, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணப் படம். இதைப் போய் ஏட்டுச்சுவடியோடு ஒப்பிடுவதா? ஏடு எழுதியவர்களும் கூலிக்கு எழுதியவர்கள்தாம், பிழைபட எழுதியவர்கள்தாம். பிழை உள்ள பிரதியைத் தள்ளுவதில்லை, பிழையின் போக்கை அறிந்து பயன்படுத்துவோம். ஒப்பீடு தளரும் இடமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே நாடாவிலிருந்து நாலு நிறுவனங்கள் தகடு போட்டிருந்தால் அவை நாலு சாட்சிகள் ஆகா, ஒன்றுதான். ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே தாவல் வந்தால் அவை ஒரே தாய்ப் பிரதியின் பிள்ளைகள் என்று கொள்ளலாம். தகட்டின் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண் எந்த அச்சு என்று காட்டிக்கொடுக்கும். சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் கைப்பழக்கமாக அறிவார்கள். கல்விப்புலத்தில் இதைக் கேட்டு எழுதிவைத்தவர் இல்லை.

வெளியிலிருந்து சரிபார்க்க நமக்கு ஒரு கருவி உண்டு: திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் பெயர், கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’, பிறகு பாடல்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. புத்தகத்தில் உள்ள பாடல் தகட்டில் இல்லையென்றால் அது படத்திலிருந்து விழுந்ததா, தகட்டிலிருந்து விழுந்ததா என்ற கேள்வியாவது பிறக்கும். படத்தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழையும் நிறுத்திப் படிக்க வேண்டும். சில தகடுகளில் வருவது வீடியோ வெளியீட்டுக்கெனத் தனியே பெற்றது. அதிலுள்ள நீளம் மூலப் படத்தின் நீளமாகாது.

இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, தகடு எதற்கு என்பார்கள். இணையப் பிரதி நேற்று ஒன்று, இன்று ஒன்று. உரிமைத் தகராறு வந்தால் பாட்டு ஊமையாகும், ஏற்றியவர் நினைத்தால் படம் மறையும். அச்சிட்ட தகடு ஒருமுறை நின்றால் நின்றதுதான். இன்னொருவர் அதே தகட்டை எடுத்து என் கூற்றைச் சோதிக்கலாம். ஆய்வுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தத் தகடுகள்தாம் இப்போது குப்பைக்குப் போகின்றன. மோசர்பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. மடிக்கணினிகளில் தகடு போடும் இடமே இல்லை. விசிடியில் தரவு அடுக்கு இருப்பது எழுத்து அச்சிட்ட மேற்பக்கத்துக்கு நேர் கீழே. பளபளக்கும் அடிப்பக்கத்தைக் காப்பாற்றிவிட்டு மேற்பக்கத்தில் விலைச்சீட்டை ஒட்டி, அதை உரித்தெடுக்கும்போது படத்தையும் சேர்த்து உரிக்கும் வாடகைக் கடைகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட நூல் ஒவ்வொன்றும் கன்னிமாரா உள்ளிட்ட நாலு நூலகங்களுக்குப் போக வேண்டும். தகட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பொது நூலகம் தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஆனால் கையில் இருப்பது மின்வடிவம் அல்லாத பிரதியாக இருக்க வேண்டும். தகடு பிறக்கும்போதே மின்வடிவம். ஆக, கிழியப்போகும் புத்தகத்துக்குக் கிடைத்த சலுகை தேயப்போகும் தகட்டுக்கு இல்லை.

இந்த முட்டுக்கட்டை பழைய படங்களுக்குப் பொருந்தாது என்பது ஒரு நல்வாய்ப்பு. இந்தியாவில் திரைப்பட உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1960 வரை வெளியான படங்களுக்கு அது முடிந்துவிட்டது. ‘காளிதாஸ்’ (1931) போல அடியோடு அழிந்ததைத் தகடு மீட்டுத் தராது. எஞ்சியவற்றுக்கு, கிடைக்கும் தகடுகளையும் புனே திரைப்பட ஆவணக்காப்பகத்தில் சுருள் இருந்தால் அதையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்து ஒப்பீட்டுப் பதிப்பு போடத் திரைப்பட உரிமை தடையாக நிற்காது. முதலில் எடுக்க வேண்டியது ‘ஹரிதாஸ்’ என்பேன். நீளத்தின் மேல்வரம்பு நமக்குத் தெரியும்; பாடல்கள் மிகுந்த படமாகையால் பாட்டுப் புத்தகத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்க்கலாம். ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு ஓராண்டு வேலை.