ஆலங்குடிச் சபை வாங்கிய கடன்: சோழநாட்டுப் பஞ்சக்கால முடிவுகள் குறித்து

சோழர் காலக் கோயில் நிலவுடைமையாளராகவும் வேலை தருபவராகவும் வங்கியாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் விளங்கியது என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி எழுதினார். அவருடைய சோழர் வரலாறு 1935லும் 1937லும் இரு பகுதிகளாக வந்து, 1955இல் திருத்தம் பெற்றது. அன்று முதல் இந்தச் சித்திரம் பாடநூல்களில் ஏறக்குறைய மாறாமல் இருந்துவருகிறது. அந்தப் பணிகளையெல்லாம் அறவுணர்வில் பிறந்த மனிதநேயமே நெறிப்படுத்தியது என்பது அவர் முடிவு. அந்த முடிவுக்குத் துணையாகக் காட்டப்படும் கல்வெட்டுகளில் ஒன்று பழைய தஞ்சை மாவட்டத்து ஆலங்குடியில் உள்ளது. 1899ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் 5ஆம் எண். அந்தக் கல்வெட்டையே மறுபடி எடுத்து, அது சொல்வதை அறம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தி சுருக்கமானது. காலம் கெட்டுப்போயிற்று. உண்ண நெல் வாங்கவும், விதைநெல் வாங்கவும், சாகுபடிக்கு வேண்டிய மற்றவை வாங்கவும் ஊரிடம் முதல் இல்லை. சபை கூடி, ஊர்க் கோயிலின் பண்டாரத்திலிருந்து நகைகளாகவும் வெள்ளிப் பாத்திரங்களாகவும் 1,011 கழஞ்சு பொன்னும் 464 பலம் வெள்ளியும் கடனாகப் பெற்றது. ஈடாக இறைவனுக்கு எட்டேமுக்கால் வேலி நிலத்தை எழுதிக் கொடுத்தது. அந்த நிலத்தின் விளைவே கடனுக்கு வட்டி.

துயரில் கிடந்த ஊரைக் கோயில் தாங்கிப் பிடித்தது என்பது சாஸ்திரி வழி வந்த வாசிப்பு. தாங்கிப் பிடித்தது உண்மை. ஆனால் அந்த வாசிப்பு, முடிவெடுத்தவர்களைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. முதலில் சபை எதைக் கடனாகக் கேட்டது என்று பார்க்க வேண்டும். அது கேட்டது உலோகம், நெல் அல்ல. பொன்னைத் தின்ன முடியாது. பசியில் இருக்கும் ஊர் பொன்னைக் கடன் வாங்குகிறது என்றால், அந்தப் பொன்னுக்கு நெல் விற்க ஒருவர், வண்டியோ ஓடமோ போய்வரும் தொலைவில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் இதைச் சோழநாடு முழுவதும் சூழ்ந்த பஞ்சமாகக் கொள்வது கடினம். ஒரு வாய்க்கால் தலைப்பு தூர்ந்து போயிருக்கலாம், ஓர் உடைப்பில் மணல் ஏறியிருக்கலாம், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போயிருக்கலாம். எது நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. பக்கத்து நாட்டில் நெல் இருந்தது என்பதை மட்டும் இந்தக் கடனின் வடிவமே சொல்கிறது என்பேன். சான்று ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் பஞ்சத்தைப் பற்றி எழுதியவர்கள் வானத்தைப் பார்த்த அளவுக்குச் சந்தையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. நெல் புழுக்கும், எலி தின்னும், இரண்டு மழை கண்டால் முளைக்கும். நகை அப்படியில்லை. நோன்பு முடித்தவரும் போரில் வென்றவரும் பிள்ளை பெற்றவரும் தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குச் சாத்திய பொன், ஊர் திட்டமிடாமலே சேர்ந்த கையிருப்பு. அதைத் தொடுவது எளிதான முடிவாக இருந்திராது. தேவதானத்தை, அதாவது கோயில் உடைமையை, தொட்டவனுக்குப் பாவம் சொல்லும் வரிகளைக் கல்வெட்டுதோறும் படிக்கிறோம். அந்தத் தடையைத் தாண்டி, வெளிப்படையாகச் சபையில் முடிவெடுத்து, கல்லிலும் வெட்டினார்கள். சாஸ்திரியின் பக்கங்களில் இந்தத் துணிச்சலுக்கு இடமில்லை.

அடுத்து, கடனின் விலை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நெல்லாக அளந்தால் முக்குறுணி. கழஞ்சுக்கு இரண்டு காசு என்று கொண்டால் ஆலங்குடியின் 1,011 கழஞ்சு 2,022 காசாகிறது. அதற்கு ஆண்டு வட்டி 6,066 குறுணி, அதாவது 505 கலத்துக்குச் சற்று மேல். வெள்ளியின் மதிப்பைப் பொன்னோடு ஒப்பிட உறுதியான விகிதம் இல்லை; தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 700 கலத்தைத் தாண்டுவது அரிது. மறுபக்கம், அதே பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் காணிக்கடன், அதாவது நிலத்துக்குச் செலுத்த வேண்டிய நெல். அந்த அளவில் எட்டேமுக்கால் வேலி, இன்றைய கணக்கில் 58 ஏக்கர் அளவு நிலம், 875 கலம் தரும். ஆகவே கோயில் வழக்கமான வட்டியைவிடக் கூடுதலாகப் பெற்றதாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. நகைப் பொன்னின் மாற்று என்ன, நிலம் எந்தத் தரம், அதன் வரியை யார் கட்டினார்கள் என்பவை திறந்த கேள்விகள். இராசராசன் காலத்து விலையை அரை நூற்றாண்டு தள்ளி வைத்துப் பார்ப்பதும் முழுக்கச் சரியல்ல. ஆனாலும் இது கொடையில்லை, பேரம் என்று சொல்ல இவ்வளவு போதும்.

அப்படியானால் கோயில் சுரண்டியதா? கோயிலைப் பெருநிலக்கிழாராகப் பார்க்கும் டி. என். ஜா போன்றோரின் வழியில் அப்படியும் வாசிக்கலாம். அங்கும் ஒரு விஷயம் விடுபடுகிறது. வட்டி ஒரு தொகையாக வைக்கப்படவில்லை, குறிப்பிட்ட நிலத்தின் விளைவாக வைக்கப்பட்டது. மறு ஆண்டும் தண்ணீர் வராவிட்டால் அந்த எட்டேமுக்கால் வேலியும் கருகும். அந்த நட்டம் கோயிலைச் சேரும். காசுக்கடன் வாங்கியிருந்தால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆபத்தின் ஒரு பங்கைச் சபை இப்படிக் கோயில் தலையில் ஏற்றியது என்று நான் வாசிக்கிறேன். கணக்கில் தெரியும் அந்தக் கூடுதல் கலங்கள் அதற்குக் கொடுத்த விலையாகலாம். இழப்பதற்கு ஓர் எல்லை கட்டி, எஞ்சிய நிலத்துக்கு விதை தேடிக்கொண்டார்கள். உணவை மட்டும் வாங்கித் தின்று முடிக்காமல், விதைநெல்லையும் சாகுபடிச் செலவையும் அதே மூச்சில் கேட்டது அவர்கள் எவ்வளவு தெளிவாக இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஆண்டு குறித்து ஒரு சொல். இதை 1054 என்று வைப்பது வழக்கம். கொப்பத்துப் போரில் சோழ மன்னன் இராசாதிராசன் விழுந்து, இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடியதும் அதை ஒட்டித்தான். அரசு பண்டாரத்தின் உதவியை ஊர் எதிர்பார்க்க முடியாத நிலை இருந்தது என்ற விளக்கத்தைப் போரோடு முடிச்சுப்போடத் தோன்றும். நான் போடமாட்டேன். கல்வெட்டு, நிலம் எழுதிக்கொடுத்த ஆண்டைத்தான் தருகிறது. காலம் கெட்டது அதற்கு எத்தனை போகம் முன்னால் என்பதைத் தரவில்லை. பஞ்சம் 1052இலும் வந்திருக்கலாம்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பேரளத்துக்கு அருகே திருப்பாம்புரத்தில் காட்சி வேறு. மூன்றாம் குலோத்துங்கனின் 23ஆம் ஆட்சியாண்டு, 1201. காசுக்கு மூன்று நாழி தானியம். வெள்ளாளர் ஒருவர், தம் இரு பெண்களோடு, பட்டினிச் சாவுக்குத் தப்ப 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாகத் தம்மை விற்றுக்கொண்டார். அன்றைய விலையில் அந்தக் காசுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்று அளந்தால் மூன்றரைக் கலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று உயிர்களின் விலை அது. இராசராசன் காலத்தில் காசுக்கு இரண்டு கலம் நெல் என்பதோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது, இடையில் காசே மாற்றுக் குறைந்துபோயிற்று. ஆனாலும் இந்தக் கல்வெட்டைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆலங்குடியில் கோயிலோடு பேரம் பேச ஒரு சபை இருந்தது. இங்கே ஒரு குடும்பம் தனியாகப் போய் நிற்கிறது. ஈடாக வைக்க உடம்பைத் தவிர எதுவும் இல்லை.

பிற்சோழர் காலத்தில் நிலம் கூட்டுடைமையிலிருந்து தனியார் கைக்கு நகர்ந்தது என்ற நொபோரு கராஷிமாவின் ஆய்வோடு இதைச் சேர்த்து வைக்கலாம். ஆபத்தைக் கூட்டாகச் சுமந்த அமைப்பு தளரத் தளர, அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தனித்தனியாக வந்தது என்று சொல்லும் ஆசை எனக்கும் உண்டு. இரண்டு கல்வெட்டுகள் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா என்ற கேள்வி அதைவிடப் பெரிது. 1054இலும் ஆலங்குடியின் உழுகுடிகள் என்ன ஆனார்கள் என்று கல் பேசவில்லை. சபை நிலமுடையோரின் அவை. வாங்கிய நெல் யார் பானைக்குப் போயிற்று என்பது அதில் இல்லை. மேலும், கோயில் சுவரில் ஏறியவை கோயிலுக்குப் பின்னாளில் உரிமைச் சான்றாகப் பயன்படுபவை. ஈடு கேட்காமல் அளந்த நெல்லும், மறுக்கப்பட்ட கடனும் அங்கே இடம்பெறக் காரணமில்லை.

ஊரின் ஆபத்தை யார் சுமந்தார்கள் என்பதன் பிந்திய வரலாறு தனி ஆய்வுக்குரியது. கரை உடையும் வேளையில் ஊராரைக் கட்டாயமாக அழைக்க அதிகாரம் தந்த 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம், 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின் வகுக்கப்பட்ட பஞ்ச விதிகள், 1904இல் தோன்றிய கும்பகோணம் வங்கி எல்லாம் அதில் வரும். ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே குறிக்கிறேன். இன்று குறுவைக்கும் சம்பாவுக்கும் டெல்டா விவசாயி கூட்டுறவு வங்கியில் வைப்பது தன் வீட்டு நகையை. ஆலங்குடியில் நகை கடன் கொடுத்தவரிடமிருந்து வந்தது, ஈடாகப் போனது நிலம். இந்தத் திசைமாற்றம் எப்போது நடந்தது என்பதைத் தேட, அடுத்து நாயக்கர், மராட்டியர் காலத்து ஆவணங்களில் ஒற்றிப் பத்திரங்களை முதலில் எடுக்க வேண்டும். கோயில் நகையைக் கடனாகப் பெற்ற இன்னொரு சபை சோழர் கல்வெட்டுகளிலேயே கிடைத்தால், வட்டிக்கு விளைவை வைத்தார்களா தொகையை வைத்தார்களா என்பதே என் வாசிப்பைச் சோதிக்கும் முதல் இடம்.